செவுள் உதிரும் நாள்

1955 ஜூன் 14, செவ்வாய்

பதினோராவது நாளாக மழை. டிஸ்பென்சரியில் காலையில் முப்பத்தெட்டுப் பேர். பாதிப் பேருக்கு இருமல், மீதிப் பேருக்கு அட்டை கடித்துப் புண்ணாகிப்போன கால். மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. மதராஸிலிருந்து ஒரு கடிதம்.

பேராசிரியர் சேஷகிரி எழுதியிருக்கிறார். போன வருஷம் நான் அனுப்பிய மூன்று போத்தல்களும் உடையாமல் போய்ச் சேர்ந்தனவாம். தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வரும் அந்தப் பிராணியை இங்கே எல்லோரும் மண்ணுளிப் பாம்பு என்று நினைத்து மம்பட்டியால் வெட்டிப் போடுகிறார்கள். அது பாம்பு இல்லை, தவளைக்கு உறவான நீர்நில வாழ்வி. கால் இல்லாத தவளை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கொக்கிப்புழு முட்டை பார்ப்பதற்காகத் தேயிலைத் தோட்டம் கொடுத்த மைக்ராஸ்கோப்பில் ஏழு வருஷமாக நான் இதை அறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ.

டிசம்பர் கடைசியில் மதராஸில் சர்வதேச மாநாடு. விலங்குகளின் உடலமைப்பும் பரிணாமமும் பற்றி. பல தேசங்களிலிருந்து வருகிறார்கள். அதில் நான் பதினைந்து நிமிஷம் பேச வேண்டுமாம். நான்!

முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குச் செவுள் உண்டு, சிவப்பு இறகு மாதிரி. வளர்ந்ததற்கு இல்லை. அந்தச் செவுள் முட்டைக்குள்ளேயே போய்விடுகிறதா, வெளியே வந்த பிறகா? சுருங்கிப் போகிறதா, உதிர்கிறதா? ஆளுக்கொன்று எழுதி வைத்திருக்கிறார்களாம். "அது வாழும் இடத்தில் நீங்கள் வாழ்கிறீர்கள். பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

நாலு தரம் படித்தேன். என் மனைவி பெற்றீசியா பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து ஈரக் குடையை மடிக்கும் முன்பே அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"மெட்ராஸுக்குப் போக விடுவாங்க. திரும்பி வர விடுவாங்களா?"

1955 ஜூன் 15

திரும்பி வருவது என்று ஒன்று இருப்பது நேற்று எனக்குத் தோன்றவே இல்லை. இதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஐந்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவன் நான். ஐம்பத்தொன்றில் கொடுத்த இலங்கைக் குடியுரிமை மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. எந்தத் தேசத்தின் பாஸ்போட்டும் எனக்குக் கிடையாது.

1955 ஜூன் 23, வியாழன்

பத்தாம் நம்பர் மலையில் கான் வெட்டிய வீரய்யா ஆள் அனுப்பினார். ஓடினேன். ஈர மண்ணுக்குள் கை அகல வளை, அதில் பாசிமணி கோத்த மாதிரி இருபத்தேழு முட்டை. தாயை அதற்குள் இரண்டாக வெட்டிவிட்டார்கள். "பாம்புனு நெனச்சிட்டேங்கய்யா" என்று வீரய்யா தலையைச் சொறிந்தார். முட்டைகளைக் கண்ணாடித் தட்டில் சுத்தமான தண்ணீர் தெளித்து வைத்தேன். உள்ளே குஞ்சு அசைவது தெரிகிறது.

1955 ஜூன் 27

பூஞ்சணம். இருபத்தேழும் போயிற்று.

1955 ஜூலை 2

மூன்று நாள் முன்பு இன்னொரு பிடி முட்டை கிடைத்தது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், புதுத் தட்டு. மூன்றாம் நாளே வெள்ளை படர்ந்துவிட்டது. என்ன தப்பு செய்கிறேன்? வீட்டில் எரிந்து விழுந்தேன். பிள்ளைகள் இருவரும் ஜெபம் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

1955 ஜூலை 5, செவ்வாய்

காளியாயி விரலில் சீழ் கட்டி வந்தார். கொழுந்தெடுக்கும் பெண், ஐம்பது வயதிருக்கும், கடைசி லயத்தில் தனியாக இருக்கிறவர். கீறிக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கண் மேசைமேல் இருந்த தட்டிலேயே இருந்தது.

"இதுக்குத் தாய் எங்கங்கய்யா?"

"தாய் இல்ல. முட்டை மட்டுந்தான்."

"அப்பறம் எப்படிங்க பொழைக்கும்? அது சுத்திப் படுத்துக்கிட்டு முட்டைய நக்குன மாதிரி ஈரமாவே வச்சிருக்குமுல்ல. பீலிக்குக் கீழ எத்தன தடவ பாத்திருக்கேன்."

எழுந்து நின்றுவிட்டேன். ஏழு வருஷம் அறுத்திருக்கிறேன். உயிரோடு படுத்திருக்கும் தாயை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

மழையிலேயே கூட்டிக்கொண்டு போனார். லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலிக்குக் கீழே, கல்லுக்கு அடியில், இருந்தது. நான் இடுக்கியை எடுத்தேன். "தொடாதீங்க" என்று அதட்டினார். மண்ணோடு சேர்த்து அப்படியே பாளமாக வெட்டி, குறுக்கே அறுத்த மண்ணெண்ணெய் டின்னில் இறக்கினார். ஒரு பக்கத்தை உயர்த்தி மறுபக்கம் தண்ணீர் தேங்க விட்டார். தாய் வளையம் போட்டபடி முட்டைகளை விடவே இல்லை. முப்பத்தொன்று எண்ணினேன்.

வீட்டில் வைக்கப் பெற்றீசியா சம்மதிக்கவில்லை. டிஸ்பென்சரிக்குத் துரை வருவார். கடைசியில் காளியாயி குடியிருக்கும் காம்பராவுக்குப் பின்னால், விறகு அடுக்குக்குக் கீழே.

1955 ஜூலை 18, திங்கள்

விடுப்புப் போட்டுவிட்டு குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். போய்த் திரும்பி வர அனுமதி கேட்டு மனு. கிளார்க் நல்ல மனிதர். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "மனு வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதுவும் உங்கள் குடியுரிமைக் கோப்புக்குள்தான் போகும். இந்த நாட்டில் தொடர்ச்சியாகக் குடியிருப்பவர் என்றுதானே அதில் எழுதியிருக்கிறீர்கள்? இப்போது இந்தியாவுக்குப் போகக் கேட்கிறீர்கள்."

"ஐந்து நாள்தான் மகத்தயா. ஒரு மாநாடு."

"ஐந்து நாள் என்பது உங்களுக்குத் தெரியும்" என்றார்.

கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாதோ? ரயிலில் இதே நினைப்பில் எங்கள் வட்டவளையைத் தாண்டிப் போய் அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன்.

1955 ஆகஸ்ட் 6

ஐந்து நாளைக்கு ஒரு முறை ஒன்றிரண்டு முட்டை எடுத்து ஃபார்மலினில் போடுகிறேன். செவுள் மூன்று ஜோடி, ஒவ்வொரு வாரமும் நீளமாகிறது. இன்று காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே இருக்கீங்களே, அது எண்ணிப் பாக்காதா?"

இனி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எடுத்தது பதினொன்று, கெட்டது இரண்டு. மீதி பதினெட்டு.

1955 செப்டம்பர் 2, வெள்ளி

காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த வீரய்யா, காளியாயி உடனே வரச் சொன்னதாகச் சொன்னார். வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். ஒரு குழந்தைக்கு வலிப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி.

"வெடிஞ்சதும் ஆறு வெளிய வந்திருச்சுங்க. செவப்பு றெக்க தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான் கொழுந்துக்குப் போகல, இங்கயே ஒக்காந்துட்டேன். வெயில் ஏறுறப்ப ஒண்ணு ஒண்ணா கழண்டு விழுந்துச்சு. தண்ணியில பாருங்க."

தண்ணீரில் சிவப்பு நூல் மாதிரி கிடந்தது. எடுத்து வைத்தேன். ஆனால் விழுவதை நான் பார்க்கவில்லையே.

1955 செப்டம்பர் 4

எல்லாம் பொரிந்துவிட்டன. பதினெட்டில் நான் லென்ஸ் வைத்துப் பார்த்தது ஐந்து. இரண்டை யாரும் பார்க்கவில்லை. மீதிப் பதினொன்றைக் கண்டது காளியாயி, வெறுங்கண்ணால். நான் கண்ட ஐந்தும் அவர் சொன்னபடியேதான். முட்டையை விட்டு வெளியே வந்த பிறகு, ஒரு பகல் முடிவதற்குள், உதிர்கிறது. சுருங்குவதில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டியவன். தூக்கம் வரவில்லை. ஐந்தை வைத்து ஒரு மாநாட்டில் பேசலாமா? பதினொன்றை ஒரு கொழுந்தெடுக்கும் பெண் பார்த்தாள் என்று எழுதினால் அந்த ஐந்தையும் நம்புவார்களா?

1955 அக்டோபர் 9, ஞாயிறு

கட்டுரை எழுதி முடித்தேன். பூசைக்குப் போய் வந்து பெற்றீசியா நல்ல தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுத்து அச்சு மாதிரி. மூன்றாம் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டாள்.

"எட்டு எடத்துல 'நான் கண்டேன்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நீங்களா கண்டீங்க?"

"ஆராய்ச்சிக் கட்டுரையில இப்படித்தான் எழுதுவாங்க."

"எங்கிட்ட ஒரு பிள்ள இப்படி எழுதிக் கொண்டாந்தா நான் அடிச்சிருவேன்" என்றாள்.

கோபத்தில் குடையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டேன். கொழுந்து அரைக்கும் இஸ்டோர் வரை நடந்தேன். நனைந்து திரும்பி வந்தபோது தாள் அப்படியே இருந்தது, அவள் தொடர்ந்து எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். எங்கே நான், எங்கே காளியாயி என்று தனித்தனியாக. இப்போது வாசித்தால் கட்டுரை பலவீனமாகத் தெரிகிறது. ஆனால் உண்மை.

1955 அக்டோபர் 30

சேஷகிரியிடமிருந்து மறுபடியும். அனுமதி கிடைக்காவிட்டால் வேறு வழி இருக்கிறதாம். நான் இந்திய வம்சாவளி என்பதால் இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம், உடனே பாஸ்போட் கிடைக்கும். அதோடு அவருடைய அருங்காட்சிசாலையில் ஓர் உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது. நல்ல மைக்ராஸ்கோப், நூலகம். "உங்களைப் போன்றவர் அந்த மலையில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருக்கலாமா?"

கடிதத்தை மருந்து அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.

1955 நவம்பர் 3

சொல்லிவிட்டேன். நாலு நாள் மறைத்ததற்கே அவளுக்கு முதல் கோபம்.

"அது உங்க அப்பா விட்டுட்டு வந்த ஊரு. எனக்கு அங்க யாரைத் தெரியும்? நான் பொறந்தது வட்டவளை. பிள்ளைங்க பொறந்தது வட்டவளை. எங்கம்மாவை இந்த மண்ணுலதான் பொதைச்சிருக்கு."

"இங்க மட்டும் நம்மள யாரு ஏத்துக்கிட்டாங்க?"

"ஏத்துக்கலைன்னா வீட்டை விட்டுட்டுப் போயிருவீங்களா?"

பிறகு தணிந்து, "உங்களுக்குப் போகணும்னு ஆசைன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா எங்களையும் சேத்து முடிவு பண்ணிட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போகணும். போகக் கூடாது. நாள் முழுக்க இதுதான். ஒரு கிழவருக்குக் கண் மருந்துக்குப் பதில் காது மருந்தை நீட்டிவிட்டேன். நல்லவேளை, ஊற்றும் முன் பார்த்துக்கொண்டேன்.

1955 நவம்பர் 28, திங்கள்

குடியுரிமை மனு விசாரணை. என்னையும் பெற்றீசியாவையும் அழைத்திருந்தார்கள். பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கம்பவுண்டர் படிப்புச் சான்று எல்லாம் சரி. அப்புறம் அதிகாரி அந்த ஜூலை மனுவை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது எதற்கு?"

சொன்னேன். மாநாடு, மண்ணுக்குள் வாழும் பிராணி, செவுள். மொழிபெயர்ப்பாளர் செவுள் என்ற இடத்தில் தடுமாறினார். கழுத்தில் கை வைத்துக் காட்டினேன். அதிகாரி என்னையே பார்த்தார்.

"தோட்டத்து டிஸ்பென்சர் பேராசிரியர்களுக்குப் பாடம் சொல்லப் போகிறார். இதை நான் நம்ப வேண்டும்."

கடிதத்தைக் காட்டலாம் என்று சட்டைப்பைக்குள் கை போனது. நின்றுவிட்டது. அவசரத்தில் எடுத்து வந்தது அக்டோபர்க் கடிதம், அதில்தான் வேலையும் இந்தியப் பதிவும் இருக்கின்றன. வெறும் கையை வெளியே எடுத்தேன்.

"இந்தியாவுக்குப் போகும் எண்ணம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா?"

பெற்றீசியா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் என்னால் போட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

போட்டேன்.

1955 நவம்பர் 29

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

1955 டிசம்பர் 7

கட்டுரையும் படங்களும் மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லுகளும் பார்சலில் போயிற்று. பஞ்சுக்குப் பதில் தேயிலைத் தூசு போட்டு அடைத்தேன். சேஷகிரியின் மாணவர் ஒருவர் வாசிப்பாராம். அந்த வேலை வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் திரும்ப எடுக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். என்ன மனுஷன் நான்.

1955 டிசம்பர் 29, வியாழன்

இன்று. பதினொன்று இருபதுக்கு என் கட்டுரை. காலையிலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு மேல்பிரிவிலிருந்து மீனம்மாவைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம், குழந்தை கால் பக்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி லொறி ஹற்றன் போயிருக்கிறது. நானும் மருத்துவச்சி இராசம்மாவும்தான். ஒரு கட்டத்தில் இராசம்மா கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஜெபம் அப்புறம், வயித்தைப் புடிங்க" என்று கத்தினேன்.

பெண் குழந்தை. நீலமாக வந்து, இரண்டு தட்டுத் தட்டியதும் வீரிட்டது. கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்று ஐந்து.

1956 ஜனவரி 19

கடிதம் வந்தது. வாசித்தார்களாம். உதிர்ந்த செவுளின் சில்லைத் திரையில் பெரிதாகக் காட்டினார்களாம். பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வயதான உடற்கூற்று நிபுணர் எழுந்து கேட்டாராம்: "பதினொன்றைக் கண்ட அந்தக் காளியாயி யார்? எந்த ஆய்வு நிலையம்?" மாணவருக்குத் தெரியவில்லை, விழித்தாராம். இருவர் தனித்தனியாகக் கண்டு ஒரே முடிவுக்கு வந்திருப்பதால்தான் தாம் இதை ஏற்றுக்கொள்வதாக அந்தப் பெரியவர் சொன்னாராம்.

பலவீனம் என்று நினைத்தேனே!

காளியாயியிடம் போய்ச் சொன்னேன். சிரிக்கவில்லை. "எம் பேர எதுக்குங்க அங்கெல்லாம் சொன்னீங்க? ஏதாச்சும் கேஸாகுமா?" என்று பயந்து கேட்டார். இல்லை என்று புரிய வைக்க அரைமணி நேரம் ஆனது. கிளம்பும்போது, "வெள்ளக்காரரு நம்பிட்டாருங்களா?" என்றார். நம்பிட்டார் என்றேன். "கண்ணால பாத்தத நம்பாம?"

1956 ஜூலை 9, திங்கள்

மனு தள்ளுபடி. மனைவி, பிள்ளைகள் உட்பட. காரணம்: இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் ஐயத்துக்குரியது. ஜூலை மனுவின் திகதியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

போகவும் இல்லை. இருக்கவும் விடல. அப்ப எதுக்குய்யா கையெழுத்து வாங்குனீங்க? போயிருந்தாலும் இதேதானே! அந்தத் திரைக்கு முன்னால நின்னிருப்பேனே!

பெற்றீசியா கடிதத்தை மூன்றாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். "மூணு மாசத்துக்குள்ள மேல மனுப் போடலாம்னு கீழ எழுதியிருக்கு, பாத்தீங்களா?" என்றாள். நான் அதுவரை வாசிக்கவில்லை.

1956 ஆகஸ்ட் 21

மாநாட்டுத் தொகுதி அச்சாகி வந்திருக்கிறது. என் பெயர் ஒரு எழுத்து மாறி இருக்கிறது. காளியாயி பெயர் சரியாக இருக்கிறது. பெற்றீசியா எனக்கு முன்பே முன்னுரையை வாசித்துவிட்டாள். கத்தி அழைத்தாள்.

சேஷகிரி எழுதியிருக்கிறார்: தாயையும் மண்ணையும் நீரையும் பிரித்தால் முட்டைகள் அழிந்துவிடும். ஆகவே அவ்விடத்தின் நிரந்தரக் குடியிருப்பாளர்களால் மட்டுமே இந்த ஆய்வு சாத்தியமாயிற்று.

"நிரந்தரக் குடியிருப்பாளர். இந்தியாவுல உள்ள ஒரு பேராசிரியரே சொல்றாரு, அச்சுல. இதுக்கு மேல என்ன வேணும்?" அவளே மேல்முறையீட்டோடு இணைக்க அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தாள். வக்கீல் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை, மூலப் புத்தகத்தையே கொண்டுவரச் சொன்னார்.

1957 ஏப்ரல் 12, வெள்ளி

கொழும்பிலிருந்து தந்தி. மேல்முறையீடு ஜெயம். நான்கு பேருக்கும்.

பெற்றீசியா பள்ளிக்கூடத்திலேயே அழுதுவிட்டாளாம், பிள்ளைகள் வந்து சொன்னார்கள். மாலையில் காளியாயி பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னதும் நெற்றியில் கை வைத்துச் சாமி கும்பிட்டார். "ஒங்க மனு என்னாச்சு அக்கா?" என்று கேட்டேன். இரண்டு வருஷமாக இதைக் கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அது அம்பத்துநாலுலயே இல்லன்னுட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் அந்தப் பக்கம் போயிருந்தேனாம்." மேல்மனுவுக்குக் காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. யாரும் அவருக்கு வாசித்துச் சொல்லவில்லை.

சந்தோஷத்தோடுதான் போனேன். எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியவில்லை.

1957 மே 20

அதே வக்கீலிடம் காளியாயியின் கடிதத்தைக் கொண்டுபோனேன். கஷ்டம் என்கிறார். எழுதிப் பார்க்கலாம் என்கிறார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.

1957 ஜூலை 30

பாஸ்போட் வந்தது. சேஷகிரியின் அழைப்பும். இம்முறை கல்கத்தாவில், செப்டம்பர் முதல் வாரம். நானே பேச வேண்டும். சரி என்று அன்றே எழுதிப் போட்டேன். எழுதிப் போட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தேன்: காளியாயி டின்னில் வைத்திருக்கும் இந்த வருஷத்து முட்டை பொரியப் போவதும் அதே வாரம்.

1957 ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாளைக்குப் பயணம். வட்டவளையில் ரயில், பொல்கஹவெலயில் மாறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். பெட்டியை மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்த்தேன். காளியாயிக்காக எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பின்னேரம் டின்னைப் பார்க்கப் போனேன். நாற்பதுக்கு மேல் முட்டை, தாய் சுற்றிப் படுத்திருக்கிறது. இந்த முறை இரவில் பொரிவதற்கும் பகலில் பொரிவதற்கும் செவுள் உதிர்வதில் வித்தியாசம் உண்டா என்று பார்க்க வேண்டும். பயணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"எதுக்குங்க? நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்து டீச்சரம்மாகிட்டச் சொல்லிர்றேன்" என்றார் காளியாயி.

லென்ஸை அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பெற்றீசியா புதுக் கொப்பி ஒன்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். திகதி, நேரம், எத்தனை. மேலே தலைப்பு எழுதி மை காய ஊதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன்.

'காளியாயி கண்டவை.'